சான்றின்றிப் புகுந்து சான்று வகுத்தவர்

மருத்துவம் செய்வார்க்கும் வழக்காடுவார்க்கும் பயிற்சியும் தேர்வும் இன்றியமையாதன என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. நூல்நிலையம் காப்பார்க்கோ, அலமாரியின் சாவியைப் பத்திரமாக வைத்திருத்தலே போதுமென்று நம் நாட்டார் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்ற உழைத்தோருள் தலைசிறந்தவர் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் ஆவார்.

1892ஆம் ஆண்டிற் சீர்காழியிற் பிறந்த இப்பெரியார், நம்மைப் போன்றே ஒரு மிஷன் கலாசாலையின் மாணாக்கர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்று 1916இல் எம். ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாகாணக் கலாசாலையிலும் ஆசிரியராக விளங்கினார்.

சென்னைச் சர்வகலாசாலையார் நூலகர் பதவியொன்றை ஏற்படுத்தியபோது, விண்ணப்பித்தவருள் முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் எவருமிலர். அரங்கநாதனும் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையை மட்டுமே படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குச் சென்றவர். 1924 ஜனவரியில் அவரே நியமனம் பெற்றார். ஆயினும் சில நாட்களிலேயே தனிமையும் சோர்வும் அவரை வருத்த, பழைய ஆசிரியப் பணிக்கே மீள விரும்பினார். முதலில் இங்கிலாந்து சென்று பயின்று வருக, அதன் பின்னர் முடிவு செய்யலாம் என்று பெரியோர் அவரைத் தேற்றினர்.

அப்பயணமே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. லண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையில் நூலகக் கல்வி கற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைக் கண்டார். சிறுவரும் தொழிலாளரும் தங்குதடையின்றி அங்கு வந்து நூல்களைப் பெற்றுச் செல்லுதலையும், பயிற்சி பெற்ற நூலகர் அவர்க்கு வழிகாட்டுதலையும் கண்டபோது, தாம் ஏற்ற பணியின் பெருமை அவர்க்கு விளங்கிற்று. 1925இல் திரும்பி வந்த பின்னர், பதவியை விட்டு நீங்கும் எண்ணம் அவர்க்கு எழவேயில்லை.

தமக்கு நேர்ந்த குறை பின்வருவோர்க்கு நேரலாகாதென அவர் கருதினார் போலும். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக, மறு ஆண்டிலேயே நூலகர்க்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கினார். 1931இல் அதனைச் சர்வகலாசாலையே ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்டதாரிகளுக்குரிய ஓராண்டு டிப்ளமோக் கல்வியாக உயர்ந்தது. நூலக இயலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியதும் அவர் இடையறாது முயன்றதன் பயனே. 1956இல் தம் சேமிப்பினின்றும் ஒரு லட்சம் ரூபாயை, நூலக இயற் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவுவதற்காக, மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் சர்வகலாசாலைக்கு ஈந்தார். 1972இல் பெங்களூரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சான்று என்பது ஏடு மாத்திரமன்று. தேடி வரும் எளியவன் ஒருவன் தனக்கேற்ற நூலைப் பெறாது வெறுங்கையனாய்த் திரும்பலாகாது என்பதற்காக ஏற்கும் பொறுப்பே அது. தகுதிச் சான்றின்றிப் பணியிற் புகுந்த ஒருவரே அதன் அருமையை யாவரினும் நன்குணர்ந்தார். பட்டம் பெற்று வெளியேறும் நாமும், பெற்ற தாளுக்கேற்ற உழைப்பைப் பிறர்க்கு நல்குவோமாக.