நாணயம் காத்த நார்மன்

இங்கிலாந்து நாட்டின் தலைநகராகிய இலண்டன் மாநகரில் திரெட்நீடில் தெரு என்றொரு தெரு உண்டு. சன்னல்கள் இல்லாத உயர்ந்த மதில் சூழ்ந்த மாளிகை ஒன்று அத்தெருவில் கோட்டைபோல் நிற்கின்றது. அதுவே 1694ஆம் ஆண்டில் தோன்றிய இங்கிலாந்து பாங்கு ஆகும். அந்நாட்டு நாணயத்தின் மதிப்பைக் காப்பது அதன் தலையாய கடமை. முற்காலத்தில் அதன் தலைவர்கள் 2 ஆண்டுகளே பதவி வகிப்பது வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாக 24 ஆண்டுகள் அத்தலைமையில் அமர்ந்திருந்தவர் மாண்டேகு நார்மன் என்பவர்.

நார்மன் 1871ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பாங்குத் தொழில் அவருக்குக் குலத்தொழில் போன்றது. தாயைப் பெற்ற பாட்டனார் இங்கிலாந்து பாங்கின் தலைவராக விளங்கியவர். தந்தையைப் பெற்ற பாட்டனார் அதன் இயக்குநர்களுள் ஒருவர். நார்மன் ஈட்டன் பள்ளியில் கற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஓராண்டே பயின்று, பின்னர்த் தொழிலில் புகுந்தார். தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் யுத்தத்தில் வீரமாகப் போரிட்டு விருதும் பெற்றார். 1907இல் இங்கிலாந்து பாங்கின் இயக்குநரானார். 1920இல் அதன் தலைவரானார்.

அவர் பெரும்பதவி வகித்தும் ஆரவாரம் விரும்பாதவர். ஏனையோரைப்போலச் சுரங்க இரயிலில் ஏறியே பாங்குக்குச் செல்வார். வெளிநாடு செல்லும்போது செய்தியாளர் கண்ணிற் படாதிருக்க, ஸ்கின்னர் என்னும் வேறு பெயருடன் பயணம் செய்வார்.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். நார்மனுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றின. 1914இல் முதல் உலகப் போர் மூளுமுன், இங்கிலாந்தின் பவுன் நோட்டைக் கொடுத்தால் குறித்த அளவு பொன்னைப் பெறலாம். போர் அம்முறையைக் குலைத்தது. பவுனின் மதிப்பும் குறைந்தது. பழைய மதிப்பிலேயே பவுனை மீண்டும் பொன்னோடு பிணைப்பதுதான் உலகத்திற்கு இங்கிலாந்து கொடுத்த வாக்கைக் காப்பதாகும் என நார்மன் உறுதியாக நம்பினார். அந்நாளில் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் முதலில் ஐயுற்றார், பின்னர் இணங்கினார். 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் பவுன் மீண்டும் பொன்னோடு பிணைக்கப்பட்டது. பழைய கணக்கின்படி ஒரு பவுன் 4.86 டாலர் ஆயிற்று.

ஆயினும் அம்மதிப்பு நாட்டின் நிலைக்கு மிஞ்சியது என்று கெயின்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் எச்சரித்தார். அவர் அஞ்சியவாறே நிகழ்ந்தது. பவுனின் விலை உயர்ந்தமையால் இங்கிலாந்தின் நிலக்கரி அயல்நாட்டாருக்கு அருமை விலையாயிற்று. விற்பனை குன்றவே, சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். தொழிலாளர் மறுத்தனர். 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் 9 நாள்கள் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. சுரங்கத் தொழிலாளரோ மேலும் பல மாதங்கள் போராடி, வறுமையால் தளர்ந்து, குறைந்த கூலிக்கே திரும்பினர். பொன் வெளியேறாமற் காக்க வட்டியை உயர்த்த வேண்டியிருந்ததால், புதிய தொழில்களும் தழைக்கவில்லை. வேலையற்றோர் தொகை 10 இலட்சத்திற்குக் குறையாது நின்றது.

நார்மன் பிற நாடுகளின் துன்பத்தையும் எண்ணியவர். போரால் நலிந்த ஆஸ்திரியாவின் நாணயம் நிமிர உதவினார். 1930இல் பேசல் நகரில் பன்னாட்டுத் தீர்வு பாங்கு அமைவதற்குப் பெரிதும் உழைத்தார். ஆனால் 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்திரியாவின் பெரிய பாங்கு ஒன்று நிலைகுலைந்தது. அச்சம் தீப்போல் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் பரவியது. அயல்நாட்டார் தம் பணத்தைத் திரும்பப் பெறவே, பொன் விரைந்து வெளியேறிற்று. அயராது உழைத்த நார்மன் நோயுற்று, ஓய்வுக்காகக் கனடா சென்றார். அவர் திரும்பி வந்த கப்பல் கரை சேருமுன்பே, செப்டம்பர் 21ஆம் நாள் பவுன் பொன்னினின்று பிரிக்கப்பட்டது. தம் வாழ்நாள் முயற்சி குலைந்ததை அவர் கண்டார்.

எனினும் அவர் பதவியைத் துறந்து ஒதுங்கவில்லை. அரசாங்கம் வகுத்த புதிய வழியை ஏற்றுப் பணி புரிந்தார். 1932இல் பாங்கின் வட்டி நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. குறைந்த வட்டியால் வீடுகள் பெருகின. தொழில்களும் மெல்லத் தளிர்த்தன. அவர் அஞ்சிய கேடு விளையவில்லை. அவர் காத்து நின்ற முறை நீங்கிய பின்னரே நாடு மூச்சுவிட்டது.

1944இல் நோயின் காரணமாக நார்மன் ஓய்வு பெற்றார். 1946இல் இங்கிலாந்து பாங்கு நாட்டுடைமை ஆயிற்று. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

நார்மனின் உழைப்பையும் எளிமையையும் ஐயுறுவார் இலர். ஆயினும் அவர் காத்த வாக்கின் விலையைக் கொடுத்தவர், அவர் முகம் அறியாத சுரங்கத் தொழிலாளர். சொன்ன சொல்லைக் காத்தல் பேரறம். அச்சொல்லைக் காக்கும் சுமை யார் தோளில் ஏறுகின்றது என்று நோக்குதலும், பெரும்பொறுப்பில் இருப்போர் மறவாது போற்ற வேண்டிய அறமாகும்.