உடைந்த இடுப்பைச் சீராக்கிய டாக்டர்

மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும், மோட்டார் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் சில சமயம் இடுப்பு எலும்பு உடைந்துவிடும். அதிலும், தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் குழி உடைந்துவிட்டால் தொல்லை அதிகம்.

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழலுகிறது அல்லவா? அதைப் போலத்தான் இடுப்பில் உள்ள குழியில் தொடை எலும்பின் உருண்டையான தலை சுழலுகிறது. குழி வழவழப்பாக இருந்தால்தான் வலியில்லாமல் நடக்கலாம். உடைந்த குழி மேடு பள்ளமாக ஒட்டிக்கொண்டால், நாளடைவில் மூட்டு தேய்ந்துபோகும். காலை ஊன்றினாலே வலி எடுக்கும்.

1950-ம் ஆண்டு வாக்கில், இந்த இடத்தில் கத்தி வைக்கப் பெரும்பாலான டாக்டர்கள் தயங்கினார்கள். நோயாளியைப் பல வாரம் படுக்கையில் கிடத்தி, காலில் எடை கட்டி இழுத்து வைப்பார்கள். எலும்பு ஒட்டும். ஆனால், பலருக்குக் கோணலாக ஒட்டும்.

இந்த நிலையை மாற்றியவர், பிரெஞ்சு டாக்டர் எமில் லெத்தூர்னெல்.

சிபாரிசு இல்லை

கனடாவுக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கடலில், பிரான்சுக்குச் சொந்தமான சிறிய தீவுகள் இருக்கின்றன. அங்கே 1927-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி லெத்தூர்னெல் பிறந்தார். பிறகு பாரிஸ் நகரில் டாக்டருக்குப் படித்தார்.

எலும்பு வைத்தியத்தில் பயிற்சி பெற, பெரிய டாக்டர்களை நேரில் கண்டு இடம் கேட்க வேண்டும். லெத்தூர்னெல்லிடம் சிபாரிசுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. புகழ் பெற்ற டாக்டர் ராபர்ட் ஜூடேயிடம் அவர் வெறுங்கையோடுதான் போனார். ஜூடே அவருக்கு 6 மாத வேலை கொடுத்தார்.

6 மாதத்துக்கு வந்தவர், 1978-ல் ஜூடே ஓய்வு பெறும்வரை அவரை விட்டுப் பிரியவில்லை.

10 வகை முறிவு

குருவும் சீடரும் முதலில் எலும்பை ஆராய்ந்தார்கள். குழியை முன்னும் பின்னுமாக இரண்டு எலும்புத் தூண்கள் தாங்குகின்றன என்று காட்டினார்கள். எந்தத் தூண் உடைந்தது என்று தெரிந்தால்தான், எந்தப் பக்கம் திறப்பது என்று முடிவு செய்ய முடியும்.

நேராக எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒரு தூணின் மேல் மற்றொன்றின் நிழல் விழுந்து மறைத்தது. ஆகவே, நோயாளியை இரு புறமும் 45 டிகிரி சாய்த்துப் படம் எடுத்தார்கள். உடைப்பு தெளிவாகத் தெரிந்தது. முறிவுகளை 10 வகையாகப் பிரித்து, 1964-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது.

முன் தூணை எட்டுவதுதான் பெரும் கஷ்டமாக இருந்தது. காலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் அங்கேதான் ஓடுகின்றன. அவற்றைப் பத்திரமாக விலக்கி, கவட்டை வழியாக எலும்பை அடையும் முறையை லெத்தூர்னெல் வகுத்தார். சில்லுகளைப் பொருத்தி, உலோகப் பட்டையும் திருகும் வைத்து இறுக்கினார்.

3 வாரக் கெடு

ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நல்லபடியாக நடந்தவர்களையும், மூட்டு தேய்ந்துபோனவர்களையும் சேர்த்தே கணக்கு எழுதினார். 1993-ல் வெளிவந்த அவருடைய நூலில் 940 முறிவுகளின் கணக்கு இருக்கிறது.

அடிபட்ட 3 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், சுமார் 5 பேருக்கு 4 பேர் நல்ல பலன் பெற்றார்கள். நாள் கடந்து வந்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. எலும்பு தாறுமாறாக ஒட்டத் தொடங்கிவிட்டால், பிரித்துச் சேர்ப்பது கடினம்.

1984-ல் பாரிஸ் நகரில் வெளிநாட்டு டாக்டர்களுக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1994-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

அவரிடம் கற்ற அமெரிக்க டாக்டர் ஜோயல் மாட்டா, தாம் ஆபரேஷன் செய்த 816 முறிவுகளை ஆராய்ந்தார். கணக்கு 2012-ல் வெளிவந்தது. 20 ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 79 இடுப்புகள், செயற்கை மூட்டு தேவைப்படாமல் நிலைத்திருக்கும் என்று அதில் தெரியவந்தது.