மெடிகேர் அட்டை நம்பர் 1 யாருக்கு? தோற்றுப்போன அதிபர் 81 வயதில் விண்ணப்பம் போட்ட கதை!

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். இதன் முதல் அட்டை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனுக்குப் போனது. ஏன் அவருக்கு?

யார் இந்த ட்ரூமன்?

1884-ல் மிசௌரி மாகாணத்தில் பிறந்தவர். விவசாயம் பார்த்தார், முதல் உலகப்போரில் சண்டை போட்டார். நண்பருடன் சேர்ந்து ஆரம்பித்த துணிக்கடை 1922-ல் நொடித்துப்போக, கடனை அடைக்கவே பல வருஷம் ஆச்சு. பிறகு அரசியல். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்ததும், துணை அதிபராக இருந்த ட்ரூமன் அதிபரானார்.

என்ன கேட்டார்?

அதே ஆண்டு நவம்பர் 19-ல், எல்லா வயதினருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்டார். இது சோஷலிச மருத்துவம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. மசோதா நிறைவேறவே இல்லை. 1953-ல் பதவி முடிந்து, இன்டிபென்டன்ஸ் என்ற சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்.

20 வருஷம் கழித்து...

1965 ஜூலை 30. மெடிகேர் சட்டத்தில் கையெழுத்து போட, அதிபர் லிண்டன் ஜான்சன் ட்ரூமன் ஊருக்கே தேடி வந்தார். 81 வயது ட்ரூமன் விண்ணப்பத்தில் கையெழுத்திட, சாட்சிக் கையெழுத்து போட்டவர் ஜான்சன். இரண்டாவது அட்டை ட்ரூமனின் மனைவி பெஸ்ஸுக்கு. 1966 ஜூலை 1-ல் திட்டம் அமலானது. டாக்டர் கட்டணத்துக்கான பகுதிக்கு அப்போ மாதம் 3 டாலர்தான் பிரீமியம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு எப்போது?

65 வயது ஆகாத மாற்றுத்திறனாளிகளையும் சேர்க்கும் திருத்தம் 1972 அக்டோபரில் சட்டமானது. அடுத்த இரண்டே மாதத்தில், டிசம்பர் 26-ல், ட்ரூமன் 88 வயதில் காலமானார்.

இப்போ விண்ணப்பிப்பது எப்படி?

65-வது பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முந்தைய 3 மாதம், பிந்தைய 3 மாதம் என மொத்தம் 7 மாத அவகாசம் உண்டு. வேலை வழியாகக் காப்பீடு இல்லாதவர்கள் இதைத் தவறவிட்டால், டாக்டர் கட்டணப் பகுதியின் பிரீமியத்தோடு அபராதமும் மாதாமாதம் சேரும். உடல்நலக் குறைபாட்டுக்கான அரசு உதவித்தொகையை 24 மாதம் வாங்கியவர்கள் பெரும்பாலும் தானாகவே சேர்க்கப்படுவார்கள்.

எல்லா வயதினருக்கும் வேண்டும் என்று ட்ரூமன் கேட்டது மட்டும் இன்னும் சட்டமாகவில்லை.