கோணான்குப்பத்துக் குரவர் வீரமாமுனிவர்

பெரியோர் வரலாற்றைப் படிக்குங்கால் நாம் பெரிதும் நாடுவன அவர்தம் அருஞ்செயல்களே. அவர் இயற்றிய நூல் எத்தனை, பெற்ற பட்டம் யாது, யாரோடு வாதிட்டு வென்றார் என்று எண்ணி எண்ணி வியக்கிறோம். அவர் விடியற்காலையில் எழுந்து யாது செய்தார், உச்சிப்பொழுதில் யாரோடு உரையாடினார், எக்கவலையோடு இரவிற் கண்ணயர்ந்தார் என்று வினவுவோர் அரியர். ஆயினும் மக்கள் வாழ்வின் பெரும்பகுதி அருஞ்செயல்களால் ஆவதன்று. நாடோறும் திரும்பத் திரும்ப வரும் சிறு கடன்களாலேயே ஆவது. அச்சிறு கடன்களில் இறைவனைக் காணாதவன் திருவிழா நாளில் மட்டும் அவனைக் கண்டுவிடுதல் எங்ஙனம்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் வீரமாமுனிவர். வகுப்பறையில் யாம் அவரைப் பெரும்புலவராக அறிவோம். இக்கட்டுரையில் அவரை ஒரு சிற்றூர்த் திருச்சபையின் குருவாகக் காண முயல்வோம்.

விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்தது கருவேப்பிலங்குறிச்சி. வெள்ளாற்றுப் படுகையை அடுத்த இப்பக்கத்து மக்கள் மண்ணோடு வாழ்பவர். உழவர்க்கு அது வயல். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கோ அதுவே கலமும் பொம்மையும் ஆகும் மூலப்பொருள். மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, உலர்த்திச் சூளையில் வேகவைக்கும் தொழிலில் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தல் வேண்டும். அத்தகைய தொழில் செய்வோர் சூழ்ந்த இவ்விருத்தாசலத்துப் பக்கத்திலேயே முனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயம் கோணான்குப்பத்தில் நிற்கின்றது. தை மாதத்தில் அங்கு நிகழும் தேர்த் திருவிழாவிற்குச் சுற்றுப்புறத்து ஊர்களினின்று கிறிஸ்தவர் மட்டுமன்றிப் பிறரும் திரள்வர். அவர்களுட் பலர் தேம்பாவணியின் ஒரு பாட்டையேனும் படித்தறியாதவர். எனினும் அவர்க்கு முனிவர் அயலார் அல்லர். தங்கள் கோயிலைக் கட்டிய சாமியார்.

முனிவர் இத்தாலி நாட்டில், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் பிறந்தார். தூய ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்சியூஸ் ஜோசப் பெஸ்கி. இப்பெயரில் ஜோசப் என்னும் பகுதி அடங்கியிருத்தலை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னர் அது பெரியதோர் உண்மையை விளக்கும். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710-இல் கோவையை அடைந்தார். (ஈண்டுக் கோவை என்றது கொங்குநாட்டுக் கோயம்புத்தூரை அன்று, மேலைக்கடற்கரைக் கோவாவை.) அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்து சேர்ந்தார். அத்தளம் தத்துவபோதகராகிய இராபர்ட் டி நொபிலி அடிகளால் 1606-இல் தொடங்கப்பெற்றது. அவர் வகுத்த நெறியைப் பின்பற்றி இவரும் காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழ்நாட்டுத் துறவியர் கோலத்தில் வாழலானார். தைரியநாதர் என்பது அவர் முதலிற் பூண்ட பெயர். அதுவே பின்னர் வீரமாமுனிவர் எனச் செந்தமிழாய் மலர்ந்தது.

அந்நாளில் மதுரைத் தளத்துக் குருமார் பட்ட பாடு சிறிதன்று. குருமார் சிலர்; கிறிஸ்தவர் வாழ்ந்த சிற்றூர்களோ பல; ஊருக்கும் ஊருக்கும் இடையில் ஆறும் காடும். ஓரூருக்கு ஒரு குரு ஆண்டில் ஓரிரு முறை வருதலே அரிது. வந்தால் இரவும் பகலும் அவருக்கு ஓய்வில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டல், ஞானஸ்நானம் அளித்தல், மணமக்களைச் சேர்த்துவைத்தல், நோயாளரைக் காண்டல், பங்காளிகளின் வழக்கைத் தீர்த்தல் என இவ்வாறு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தவண்ணம் இருக்கும். அத்துடன் பாளையக்காரரின் சீற்றமும் பகைவரின் கோளும் அஞ்சத்தக்கனவாய் இருந்தன. முனிவர் தென்பாண்டி நாட்டில் காமநாயக்கன்பட்டிப் பக்கத்திற் பணியாற்றிய தொடக்க நாட்களிலேயே உயிருக்கு இறுதி நேரும் நிலையை எய்தி மீண்டார். பின்னர்க் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவருக்கு நெடுங்கால இருப்பிடமாயிற்று. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல அன்னைக்கு அங்கே ஆலயம் கண்டார்.

இத்துணை அலுவல்களுக்கிடையே அவர் தமிழ் கற்ற முறை நம்மனோர் கருதத்தக்கது. சுப்பிரதீபக் கவிராயர் முதலிய புலவர்பால் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆயின் அவர் செந்தமிழோடு நின்றாரல்லர். வயலிலும் சந்தையிலும் அடுப்பங்கரையிலும் மக்கள் பேசும் மொழியைச் செவிமடுத்து, அதற்கும் ஓர் ஒழுங்குண்டு எனக் கண்டு, கொடுந்தமிழ் இலக்கணம் என்னும் நூலை இலத்தீன் மொழியில் வரைந்தார். புலவர்கள் பேச்சுத்தமிழைப் பிழைமலிந்த தமிழெனத் தள்ளிய காலம் அது. முனிவரோ பாவசங்கீர்த்தனத்திற்கு வரும் ஏழைக் கிழவியின் சொல் விளங்காத குருவுக்குத் தொன்னூற் புலமை யாது பயன் தரும் என்று எண்ணினர் போலும். தம் பின் வரும் குருமார்க்காகவே அவர் அதனை எழுதினார். அன்றாடப் பேச்சிற்கு இலக்கணம் கண்ட அச்செயலையும் யாம் ஒரு திருப்பணி என்றே கருதுகிறோம்.

செந்தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததாகலின் சுருங்கக் கூறுவோம். ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கம் 1730-இல் எழுந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்புடைய சதுரகராதி 1732-இல் முற்றுப்பெற்றது. செய்யுளாய் நெட்டுருப் பண்ணவேண்டிய நிகண்டின் இடத்தில், எவரும் புரட்டிப் பொருள் காணத்தக்க அகரவரிசையை அது வைத்தது. எகர ஏகார ஒகர ஓகாரங்களை எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டும் முறையும் அவரால் வந்தது என்பர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அறிவற்ற குருவையும் அவனினும் அறிவற்ற சீடரையும் பற்றிய பரமார்த்த குரு கதையை எளிய உரைநடையில் எழுதி நம்மை இன்றும் நகைக்கச் செய்கிறார். தாமும் ஒரு குருவாய் இருந்துகொண்டு குருவை எள்ளி நகையாடும் கதையை எழுதினவர் தம்மைத் தாமே அளந்தறிந்தவராதல் வேண்டும்.

இனி, புலவருலகம் அவ்வளவாகப் போற்றாத ஒரு நூலைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். அதன் பெயர் வேதியர் ஒழுக்கம். ஈண்டு வேதியர் என்றது மறையைப் போதிக்கும் உபதேசியாரை. குரு இல்லாத நாட்களில் ஒவ்வோர் ஊரிலும் திருச்சபையைத் தாங்கியவர் அவரே. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தல், சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பித்தல், சாகுந் தறுவாயில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், இறந்தோரை அடக்கம் செய்வித்தல், சண்டையிட்டோரைச் சமாதானப்படுத்தல் ஆகிய இவையெல்லாம் அவர் கடன். புகழ் சிறிது, வருவாய் அதனினும் சிறிது, ஏச்சோ பெரிது. அத்தகையார்க்கு அவர்தம் அழைத்தலின் மேன்மையையும், முதலில் தம்மைத் திருத்திப் பின்னர்ப் பிறரைத் திருத்தும் முறையையும் உணர்த்தவே முனிவர் இவ்வுரைநடை நூலை எழுதினார். காவியம் பாடும் ஆற்றல் வாய்ந்த ஒருவர், பெயர் வெளித்தெரியாத சிற்றூர் உபதேசியார்க்காகத் தம் சிறந்த உரைநடையைச் செலவிட்டார் என்பதை எண்ணுந்தோறும் யாம் நெஞ்சுருகுகின்றோம். ஒரே வேலையை நாடோறும் செய்து சலிப்புற்ற மனிதனுக்கு, அச்சலிப்பினூடேயே இறைவன் நிற்கிறான் என்று காட்டுதலினும் சிறந்த ஆறுதல் யாதுளது?

இக்கருத்தே தேம்பாவணியின் உயிர்நாடி என்பது எம் துணிபு. 1726-இல் நிறைவுற்ற இக்காவியம் மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாக்களும் கொண்டது. நாட்டுவளம், நகர்வளம் முதலிய காவிய உறுப்புக்கள் யாவும் அமைந்த அதில் பாட்டுடைத் தலைவன் யார்? அரசனல்லன், படை நடத்திய வீரனும் அல்லன், தச்சுத்தொழில் செய்து மனைவியையும் மகனையும் காத்த சூசையப்பர். வளன் என்னும் இனிய தமிழ்ப் பெயரால் முனிவர் அவரை அழைக்கிறார். நற்செய்தி நூல்கள் நான்கினும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. கனவிற் கேட்டதைச் செய்தார், எழுந்தார், நடந்தார், உழைத்தார் என்பதே அவர் வரலாறு. பேசாது உழைத்த அம்மனிதருக்கு மூவாயிரத்தின் மேற்பட்ட பாக்களால் முனிவர் மாலை சூட்டினார். மரத்தை இழைத்த கைகளிலேயே உலகைப் படைத்தவன் குழந்தையாய்த் தவழ்ந்தான் என்னும் உண்மை அக்காவியத்தை முழுதும் ஏந்தி நிற்கின்றது. தாம் தாங்கிய பெயர்க்குரிய அடியாரைத் தலைவராகக் கொண்டு பாடிய முனிவர், அவ்வடியாரின் வாழ்வையே தமக்கும் வாழ்வாக்கிக் கொண்டனர் போலும்.

இத்தேம்பாவணி எழுந்தது தங்கள் ஊரிலேதான் என்று கோணான்குப்பத்தார் பெருமையோடு கூறுவர். மகப்பேறின்றி வருந்திய முகாசாபரூர்க் கச்சிராயர் அன்னையின் அருளால் மகவு பெற்றுக் கோயிலுக்குத் துணை புரிந்தார் என்னும் கதையும் அப்பக்கத்தில் வழங்குகின்றது. அன்னையின் திருவுருவைத் தமிழ்ப் பெண்டிர் உடுக்கும் புடைவைக் கோலத்தில் முனிவர் அமைப்பித்தார் என்றும் சொல்லுவர். ஊரார் வாய்மொழியை விடுத்து நோக்கினும் ஒன்று தெளிவு: விருத்தாசலத்தில் பழமலைநாதரோடு எழுந்தருளிய அம்மையின் பெயரும் பெரியநாயகியே. அவ்வட்டாரத்து மக்கள் நாவிற் பழகிய பெயராலேயே இயேசுவின் தாயை முனிவர் அழைத்தார். நாற்று நடும் பெண்ணும் பால் கறக்கும் பெண்ணும் தம் துன்ப வேளையில் தயங்காது கூவத்தக்க பெயர் அது. தெய்வத்தை வீட்டு முற்றத்திற்குக் கொணர்ந்த செயல் இதுவன்றோ!

முனிவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுதல் எம் கருத்தன்று. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து அவர் எழுதிய வேத விளக்கம் முதலிய நூல்களில் கடுமை மிகுதி. இக்காலத்து நாம் அவற்றைப் படித்தால் முகஞ்சுளிப்போம். இருதிறத்தாரும் ஒரே ஆண்டவரை வழிபட்டும் ஒருவர் மற்றவரைப் பகைத்தனர். எனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது. அதனை அச்சிட்டது அதே தரங்கம்பாடி மிஷன் அச்சகம். சமயக் கொள்கையில் ஒன்றுபடாதவர், மக்களின் அன்றாடப் பேச்சைக் கற்கவேண்டிய தேவையில் ஒன்றுபட்டனர். சபைப் பிரிவுகளைப் பெரிதுபடுத்திப் பேசும் மாணவர்கள் இதனை ஒருமுறை சிந்திப்பாராக.

1822-இல் முத்துசாமிப் பிள்ளை இயற்றிய முனிவர் சரித்திரம் அவரைப் பல்லக்கில் ஊர்ந்தவராகவும், சந்தா சாகிபுவினிடம் திவானாய் விளங்கியவராகவும் காட்டுகின்றது. பிற்கால ஆராய்ச்சியாளர் இவற்றை ஐயுறுவர். மெய்யோ பொய்யோ, அவ்வாடம்பரங்களால் அவர்க்குப் பெருமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1741-இல் திருச்சிராப்பள்ளி மராட்டியர் கைப்பட்டது. நாட்டில் எங்கும் குழப்பம் மலிந்த அக்காலத்தில் முனிவர் காவிரிநாட்டை விட்டகன்று தென்கடற்கரையில் முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்தார். இறுதியில் சேரநாட்டு அம்பலக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தாய்நாட்டை விட்டு வந்தபின் அவர் அங்கு மீண்டாரில்லை.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் முனிவர்க்குச் சிலை நிறுவப்பெற்றது. அது புலவர்க்கு உரிய சிறப்பு, நாம் மகிழ்வோம். ஆயின் குருவாகிய முனிவர்க்கு உரிய நினைவுச்சின்னம் கல்லாலும் வெண்கலத்தாலும் ஆவதன்று. கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் வைகறையில் எழுந்து விளக்கேற்றிச் செபம் சொல்லும் தாயும், கூலி வாங்கிய கையோடு காணிக்கையை எடுத்துவைக்கும் தொழிலாளியும், மழையிலும் நோயாளியைக் காணச் செல்லும் உபதேசியாருமே அச்சின்னம்.

கல்லூரியில் வாழும் எம் நிலை யாது? காலைச் செபமணி ஒலிக்குங்கால் இன்னும் சற்றே உறங்கலாகாதா என்று எண்ணுகின்றோம். பாடஞ்சொல்லும் நேரம் நீண்டதென முணுமுணுக்கின்றோம். விடுதியிற் பாத்திரங் கழுவும் முறை வந்தால் அதனைத் தோழன் தலையிற் சுமத்த வழி தேடுகின்றோம். பின்னர்த் தேர்வுக்காகத் தேம்பாவணியை எடுத்து அதன் அணிநயத்தை வியந்தெழுதுகின்றோம்! காவியத்தின் தலைவன் எம்முன் வந்து நின்றால் முதலில் எம் கைகளையே நோக்குவான் என்பதை மறந்தோம். இதனை எழுதுங்கால் எமக்கு நாணமே மிகுகின்றது. நாணம் திருத்தத்தின் தொடக்கம் என்ப. ஆதலின், அன்பர்காள், நாளை விடியலில் மணி ஒலிக்கும்போது அதனை நம்மை அழைக்கும் குரலாகக் கேட்போம். கையிலகப்பட்ட வேலை நூலாயினும் துடைப்பமாயினும் அதனைச் செவ்வனே செய்து முடிப்போம். வீரமாமுனிவர்க்கு நாம் செலுத்தும் முதற் காணிக்கை அதுவே ஆகுக.