டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையாரும் புற்றுநோய்க் கதிர் வைத்தியமும்

சிவகங்கைச் சீமையிலுள்ள ஒக்கூரைத் தமிழ் கற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சங்கப் புலமை வாய்ந்த மாசாத்தியார் என்னும் பெருமாட்டியின் ஊர் அதுவென்று அவ்வூரார் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. அங்கும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டுக் கிராமங்களிலும் ஒரு குடும்பத்தில் புற்றுநோய் கண்டுவிட்டால், நோயாளியை மதுரைக்கோ சென்னைக்கோ அழைத்துச் செல்கிறார்கள். கதிர் சிகிச்சை வேண்டுமென்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில் வீட்டார் நெஞ்சம் நடுங்குகிறது. கரண்டு வைப்பது என்பதே நமது ஜனங்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர். மின்சாரத்தை உடம்பிலே பாய்ச்சிச் சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, வைத்தியத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்புவோரும் உளர். இப்பயத்தைப் போக்கத்தக்கவர்கள் உயர்தரப் பள்ளியில் பௌதிகம் படிக்கும் அவ்வீட்டுப் பிள்ளைகளே என்பது நமது அபிப்பிராயம். அந்த யந்திரத்தின் தத்துவத்தை அவர்களுக்குப் போதிக்க வேண்டும். போதிக்குங்கால், அவ்வைத்தியம் தமிழ்நாட்டில் வேரூன்றக் காரணமாயிருந்த ஒரு ஸ்திரீயின் சரித்திரத்தையும் உடன் சொல்ல வேண்டும். அவர் தூர தேசத்தவர் அல்லர். செட்டிநாட்டுக்கு அண்டையிலிருக்கும் புதுக்கோட்டையிலே பிறந்தவர்.

1886-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி முத்துலக்ஷ்மி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித் துறையில் உத்தியோகம் வகித்தவர். தாயார் சந்திரம்மாள், பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கமிருந்த குலத்திலே தோன்றியவர். இவ்விரு காரணங்களாலும் அக்குழந்தை பெற்றது கல்வியாசையும் ஊராரின் ஏளனமும் ஆகும். அம்மையார் மகாராஜா கலாசாலையில் சேர விண்ணப்பித்தபோது சமஸ்தானத்திலே பெருங் கூச்சல் எழுந்தது. ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்றும், அதிலும் இன்ன குலத்துப் பெண்ணா என்றும் ஆட்சேபித்தார்கள். அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வாட்சேபங்களைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். ஆயினும் அவர் மூடிய வண்டியில் வந்து, ஆண்களின் கண்ணிற்படாதபடி திரைக்குப் பின்னேயமர்ந்தே பாடங்கேட்க வேண்டியிருந்தது. வகுப்பிலே திரைக்கப்பால் உட்கார்ந்து விஞ்ஞானங் கற்ற அப்பெண், 1907-ல் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1912-ல் சிறப்புடன் தேறி வெளிவந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தமது பணியிலே குறுக்கிடலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே மணத்துக்கு இசைந்தாராம். அக்காலத்தில் இப்படி நிபந்தனை பேசிய மணப்பெண்கள் எத்தனை பேர்?

அம்மையாரின் பொதுவாழ்வை நேயர்கள் அறிவார்கள். 1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். தேவதாசி முறையை ஒழிப்பதற்காக அச்சபையிலே அவர் தொடுத்த போர் பிரசித்தம். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தின்போது மகாத்மா சிறைப்பட்ட செய்தி கேட்டு, ஸ்தானத்தைத் துச்சமாக எண்ணி ராஜீநாமாச் செய்தார். இவற்றை விரிப்பின் இவ்விடம் போதாது. நாம் சொல்ல வந்தது வேறு.

அம்மையாருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்குக் குடலின் கடைவாயிலே புற்றுநோய் கண்டது. வைத்தியர்கள் சீதபேதி என்று கருதி மருந்து கொடுத்து வந்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கூடப் பிறந்தவளே வைத்தியராக இருந்தும் காப்பாற்ற இயலவில்லை என்ற துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியை நேரிற் கண்டார். முற்றுமுன் கண்டுபிடித்தால் இந்நோய் தீரக்கூடியதே என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1935-ல் சென்னை வைத்தியக் கலாசாலையின் நூற்றாண்டு விழாவிலே, நமது ராஜதானியிலும் அத்தகைய ஆஸ்பத்திரி வேண்டுமென்ற கருத்தை வெளியிட்டார்.

கருத்து காரியமாக இருபது ஆண்டுகள் ஆயின. புற்றுநோய் கண்டவர் மாண்டுபோவது திண்ணமாயிருக்க, அவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகார பீடத்திலிருந்தே கேட்டார்கள். அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவில் நிதி திரட்டினார். வீடு வீடாகச் சென்று யாசித்தார். 1952-ல் பண்டித ஜவஹர்லால் நேரு அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி தொடங்கிற்று. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதன் இரு தூண்களாக நின்றார்கள்.

1957-ல் கானடா தேசத்திலிருந்து கோபால்ட்-60 யந்திரம் அங்கு வந்தது. ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவதென்பர். கோபால்ட் என்னும் உலோகத்தின் ஒரு வகை, தானாகவே ஊடுருவும் கதிரை உமிழ்ந்துகொண்டிருக்கும். அதை ஈயக் கூட்டுக்குள் அடைத்து, வேண்டிய வேளையில் மட்டும் வாயிலைத் திறந்து நோயுள்ள இடத்தில் கதிரை விழச்செய்வார்கள். அதற்கு ஓய்வென்பது கிடையாது; இரவும் பகலும் உமிழ்ந்துகொண்டே, ஐந்தேகால் ஆண்டுகளில் பாதி சக்தியை இழந்துவிடும்.

இக்குறைகளை நீக்க வந்ததே அணுத்துகளை முடுக்கும் யந்திரம். 1953-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் அதைக் கொண்டு முதன்முதல் வைத்தியம் செய்தார்கள். இதன் வேலையைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினமன்று. ரயிலடியிலே ஆட்கள் வரிசையாக நின்று, ஒரு சாமான் வண்டியை ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிவிட்டால் கடைசி ஆளைத் தாண்டும்போது அதன் வேகம் எப்படியிருக்கும்? அதுபோல, செம்பினாலான குழாய் ஒன்றிலே வரிசையாக அறைகள் அமைந்திருக்கின்றன. விநாடிக்குச் சுமார் முந்நூறு கோடி முறை அதிரும் ரேடியோ அலையை அதனுள் செலுத்துகிறார்கள். எலெக்ட்ரான் என்னும் நுண்துகள் ஒவ்வோர் அறையிலும் உரிய தருணத்தில் ஓர் உந்துதல் பெறுகிறது. ஒரு மீட்டர் தூரங்கூட ஓடுவதற்குள், அறுபது லட்சம் வோல்ட்டுக்குச் சமமான சக்தியை அடைந்து, ஒளியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேற்பட்ட வேகத்துடன் டங்ஸ்டன் தகட்டிலே மோதுகிறது. அந்த மோதலிலே பிறக்கும் எக்ஸ் கதிரே மருந்து. நோயாளியின் உடம்புக்குள் மின்சாரக் கம்பி எதுவும் செல்வதில்லை.

அக்கதிர் உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுச் சரட்டை அறுக்கிறது. நல்ல அணுக்கள் பெரும்பாலும் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றணுக்களுக்கு அத்திறமை குறைவு. ஆகவேதான் ஒரே நாளில் கொடுக்காமல், நாள்தோறும் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் கொடுக்கிறார்கள். பாதியில் எழுந்து ஊருக்கு வந்துவிடுகிறவர், செப்பனிடும் அவகாசத்தைப் புற்றணுவுக்கே தானம் செய்கிறார் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை எளிதில் அறிந்துகொள்வான். பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகத்தில் சைக்ளோட்ரான் என்னும் முடுக்கியைப் பற்றிய பாடம் இருக்கவே இருக்கிறது. பரீட்சைக்காக அதை நெட்டுருப் போடும் மாணவனுக்கு, அதன் இனத்தைச் சேர்ந்த யந்திரமொன்று தன் பாட்டியின் உயிரைக் காக்க வல்லது என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லலாகாதா?

இந்தியாவில் அவ்வகை யந்திரம் முதன்முதல் நிறுவப்பட்டது 1976-ல். எந்தப் பெரிய சர்க்கார் மாளிகையிலும் அன்று. அம்மையார் யாசித்துக் கட்டிய அடையாற்று ஆஸ்பத்திரியில். அதைக் காண அவர் இல்லை. 1968 ஜூலை 22-ந் தேதி, தமது எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கும்போது காலமானார். புதல்வரும் டாக்டர் சாந்தாவும் அப்பணியைத் தொடர்ந்து நடத்தினார்கள். சாந்தா அம்மையார் 2021-ல் மறையும் வரை ஆஸ்பத்திரியை விட்டு அகலவில்லை.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுண்டு. கதிர் வாங்கி வந்தவரைத் தொட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்பதே அது. முடுக்கி யந்திரத்தில் விசையை நிறுத்திய கணமே கதிரும் நின்றுபோகிறது. விளக்கணைத்த அறையில் வெளிச்சம் தங்காதது போல, உடம்பிலே எதுவும் தங்குவதில்லை. அன்று மாலையே பாட்டியின் மடியில் பேரக்குழந்தை தாராளமாக உட்காரலாம்.