எதிர்காலத்தைக் கும்பிட்ட மன்னர்

குழந்தைகளே, ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் போகவேண்டும் என்று வீட்டில் அடம் பிடிப்பீர்கள் அல்லவா? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் ஆசை தீரக் குளிப்பீர்கள். சூடாக பஜ்ஜி தின்பீர்கள். பிறகு பலரும் நேரே ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். 5 கி.மீ. தூரத்தில் இருக்கும் தென்காசியில் இறங்கி ஒரு மணி நேரம் செலவிட்டால், ஒரு பெரிய மனிதரைத் தெரிந்துகொள்ளலாம். அவர் பெயர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர்.

பாண்டியர் என்றதும் உங்களுக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். ஆனால் இவர் காலத்தில் மதுரை பாண்டியர் கையில் இல்லை. 1311-ல் மாலிக்காபூர் படையெடுத்து வந்தார். அதன் பிறகு மதுரையில் சுல்தான்களும், அவர்களுக்குப் பின் விஜயநகரத்தாரும் ஆட்சி செய்தனர். பாண்டியர்கள் தெற்கே நெல்லைச் சீமைக்கு ஒதுங்கிவிட்டார்கள். அப்படிச் சுருங்கிப்போன நாட்டுக்கு 1422-ல் மன்னரானவர்தான் பராக்கிரம பாண்டியர். போர்கள் பல செய்தார். ஆனால் அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றுவது போர் அல்ல, ஒரு கோயில்.

அந்தக் காலத்தில் காசிக்குப் போவது என்றால் மாதக்கணக்கில் நடக்கவேண்டும். வழியிலேயே இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். தெற்கே இருப்பவர்களுக்கு இங்கேயே ஒரு காசி வேண்டும் என்று மன்னர் எண்ணினார். சிவபெருமான் கனவில் வந்து, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே போகச் சொன்னதாகவும், அந்த எறும்புச் சாரை சிற்றாற்றங்கரையில் செண்பக வனத்துக்குள் இருந்த லிங்கத்தைக் காட்டியதாகவும் தலபுராணக் கதை சொல்கிறது. 1446-ல் திருப்பணி தொடங்கியது. சுவாமிக்குக் காசி விசுவநாதர் என்று பெயர், அம்மன் உலகம்மன். ஊருக்குப் பெயர் தென்காசி.

கோயில் எழுந்த பிறகு, வாசலில் ஒன்பது நிலை ராஜகோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஒன்பது நிலை என்றால் சாதாரண வேலையா? இன்றுபோல் கிரேன் கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் மனிதத் தோள்களில் மேலே ஏறவேண்டும். வருடங்கள் ஓடின. மன்னருக்கும் வயதாகிவிட்டது. கோபுரம் முடிவதைப் பார்க்காமலேயே 1463-ல் அவர் காலமானார். தம்பி குலசேகர பாண்டியர் மிச்ச வேலையை முடித்து வைத்தார்.

இனிதான் முக்கியமான செய்தி. பராக்கிரம பாண்டியர் தம் கோயிலில் பாட்டாகவே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார். அரசர்களின் கல்வெட்டு என்றால் தன் வெற்றியைப் பற்றி இருக்கும், கோயிலுக்குத் தீங்கு செய்தால் பாவம் வரும் என்ற எச்சரிக்கை இருக்கும். இவரோ, பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகம் அறியத் தாம் இப்போதே வணங்குவதாகச் சொல்லியிருக்கிறார்! ராஜா ஒருவர், இன்னும் பிறக்கவே பிறக்காத, பெயர் தெரியாத யாரோ ஒருவருக்குக் கும்பிடு போடுகிறார். பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு இப்படி இன்னொரு ராஜாவைத் தெரியாது.

அவர் பயந்தது நடந்தது. 1924-ல் தீப்பிடித்து ராஜகோபுரம் சிதைந்தது. 66 ஆண்டுகள் அது முழுமையாக எழவில்லை.

இங்கே உங்களைக் கொஞ்சம் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ரோட்ஸ் என்ற தீவில், அதே பெயருள்ள பழைய கடற்கரை நகரம் இருக்கிறது. கி.மு. 280-ஐ ஒட்டி அந்த ஊரார் தங்கள் சூரியக் கடவுளுக்கு 100 அடிக்கும் அதிக உயரத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். உலக அதிசயங்கள் ஏழில் அதுவும் ஒன்று. கி.மு. 226-ல் பூகம்பம் வந்து, முழங்கால் ஒடிந்து சிலை விழுந்தது. யாரும் திரும்ப நிறுத்தவில்லை. பல நூறு ஆண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தது. இன்று அங்கே சுற்றுலா போகிறவர்கள், துறைமுக வாசலில் இரண்டு தூண்கள் மேல் நிற்கும் மான் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதிசயச் சிலையின் துண்டுகூட இல்லை.

தென்காசியில் அப்படி ஆகவில்லை. பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியால், 1990-ல் புதிய ஒன்பது நிலை ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. உயரம் ஏறக்குறைய 180 அடி! மன்னரின் அந்தப் பழைய கும்பிடு, 500 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2025 ஏப்ரலிலும் ஒரு கும்பாபிஷேகம் நடந்தது.

உங்கள் பாடப் புத்தகத்தில் 'வெற்றி வேற்கை' வந்திருக்குமே, அதை எழுதிய அதிவீரராம பாண்டியரும் இந்தத் தென்காசிப் பாண்டியர் பரம்பரைதான்.

கோயிலுக்குப் போகும்போது கோபுர வாசலில் சற்று நில்லுங்கள். சாரல் காலத்தில் மலைப்பக்கமிருந்து வரும் காற்று உங்களை முகத்தில் அடித்துத் தள்ளும். தாவணியும் தொப்பியும் பத்திரம்! உள்ளே மண்டபத் தூண்களில் வீரபத்திரர், காளி, ரதி, மன்மதன் சிற்பங்கள் இருக்கின்றன. விரல் நகம்கூடத் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையில் கோயில், பிறகு அருவி என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.