இரவில் சுற்றி வந்த மேற்பார்வையாளர்: புனித கமில்லஸ் தே லெல்லிஸ்

ஜூலை 14ஆம் நாள் திருஅவை புனித கமில்லஸ் தே லெல்லிஸை நினைவுகூர்கிறது. நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் செவிலியருக்கும் பாதுகாவலர் என்று அவரை நாம் அறிவோம். மார்பில் செஞ்சிலுவை அணிந்து, நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் அவரது உருவத்தை மருத்துவமனைச் சிற்றாலயங்களில் பார்த்திருக்கிறோம். அவரது வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. தம்மைத்தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்கள் நெடுநாள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில், அவர் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றிருந்தார். அங்குள்ளவர்களுக்குச் சரியான பராமரிப்பு கிடைக்கிறதா, அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே அவரது அன்றாட வேலை. அந்த வேலையில்தான் அவரது அழைத்தல் பிறந்தது. நம் பெற்றோரையும் உறவினரையும் முதியோர் இல்லங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் விட்டுவைத்திருக்கும் இக்காலத்தில், கமில்லஸின் வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது நமக்குப் பயனளிக்கும்.

இத்தாலியின் அப்ரூசோ பகுதியில் உள்ள புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் கமில்லஸ் பிறந்தார். பிள்ளைப்பேறு வாய்க்காது என்று பிறர் எண்ணிய வயதில் தாய் அவரைப் பெற்றெடுத்தார். தந்தை ஒரு போர்வீரர். சிறு வயதிலேயே தாயை இழந்த கமில்லஸ், வளர்ந்ததும் தந்தையின் வழியிலேயே படையில் சேர்ந்தார். ஆறடியைத் தாண்டிய உயரம், முரட்டு உடல், எதற்கெடுத்தாலும் சீறும் கோபம், இவற்றோடு சூதாட்டப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. இதற்கிடையே காலில் ஒரு புண் ஏற்பட்டது. வாழ்நாள் முழுவதும் ஆறாத புண் அது.

அந்தப் புண்ணுக்கு மருத்துவம் தேடித்தான் 1571ஆம் ஆண்டு அவர் ரோம் நகரிலிருந்த புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்தார். தீராநோயாளர்களுக்கென்றே நடத்தப்பட்ட மருத்துவமனை அது. பிற மருத்துவமனைகள் ஏற்க மறுத்தவர்களும், நாள்பட்ட நோயால் வீட்டாரே கைவிட்டவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சில நாளில் குணமாகி வீடு திரும்பும் இடமாக அது இருக்கவில்லை. பலர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள், பலர் அங்கேயே இறந்தார்கள். ஆகவே இன்றைய மருத்துவமனையைவிட, இன்றைய பராமரிப்பு இல்லத்தோடுதான் அதை நாம் ஒப்பிட வேண்டும்.

மருத்துவச் செலவுக்கு ஈடாக கமில்லஸ் அங்கேயே பணியாளராகவும் வேலை செய்தார். அவர் நல்ல பணியாளர் அல்லர். சீட்டாட்டமும் சண்டையுமாகவே அவரது நாள்கள் கழிந்தன. சில மாதங்களில் மருத்துவமனை அவரை வேலையிலிருந்து நீக்கியது. பின்னாளில் நோயாளர் பணியின் பாதுகாவலராக விளங்கப் போகிறவர், நோயாளர் பணிக்குத் தகுதியற்றவர் என்று வெளியே அனுப்பப்பட்டவர். இதை நாம் மறந்துவிடக் கூடாது. கவனக்குறைவான பணியாளர் எப்படி நடந்துகொள்வார் என்பது அவருக்குச் சொந்த அனுபவம். அத்தகைய பணியாளரை நம்பிப் படுக்கையில் கிடப்பது எப்படியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மீண்டும் படைக்குச் சென்ற கமில்லஸ், 1574ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் தம்மிடமிருந்த அனைத்தையும் சூதில் இழந்தார். பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தவர், மன்பிரதோனியா ஊரில் கப்புச்சின் துறவியர் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். ஒருமுறை வேலையின் பொருட்டு சான் ஜொவானி ரொத்தோந்தோவுக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் புனித பியோ வாழ்ந்த அதே ஊர்தான். அங்கிருந்த துறவி ஒருவர் அவரிடம் கடவுளைப் பற்றிப் பரிவோடு பேசினார். அடுத்த நாள், 1575 பிப்ரவரி 2 அன்று, திரும்பும் வழியில் கமில்லஸ் கழுதையிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, கடந்துபோன தம் வாழ்வை எண்ணிக் கண்ணீர் விட்டார்.

கப்புச்சின் சபையில் சேர விரும்பினார். ஆனால் துறவற உடை உராய்ந்து காலின் புண் மீண்டும் திறந்துகொண்டது. மருத்துவத்திற்காக மறுபடியும் புனித யாக்கோபு மருத்துவமனைக்கே வந்தார். இம்முறை வந்தவர் வேறு மனிதர். வேலையை மனமொன்றிச் செய்தார். முன்பு அவரை வெளியேற்றிய அதே மருத்துவமனை, 1579ஆம் ஆண்டு அவரைத் தன் மேற்பார்வையாளராக நியமித்தது. உணவுப் பொருள்கள், படுக்கைகள், துணிமணிகள், பணியாளர்கள், கணக்குகள் என எல்லாம் அவரது பொறுப்பில் வந்தன.

அப்போது அவர் கண்டது என்ன? அந்நாளில் நோயாளரைக் கவனிப்பதை இழிவான வேலையாகக் கருதினார்கள். வேறு வேலை கிடைக்காதவர்களே குறைந்த கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். நோயாளி அழைத்தால் வருவதற்கு ஆளில்லை. உணவைப் படுக்கையருகே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தாமாக எடுத்து உண்ண முடியாதவர் அதைப் பார்த்துக்கொண்டே பசியோடு கிடப்பார். அழுக்கான படுக்கைகள் மாற்றப்படாமல் கிடந்தன. ஏட்டில் எல்லாம் சரியாக இருந்திருக்கலாம். உணவு வழங்கப்பட்டது என்று எழுதுவது எளிது. அது நோயாளியின் வாய்க்குள் போனதா என்பதை அருகில் நிற்பவர் மட்டுமே அறிவார்.

கமில்லஸ் அருகில் நின்றார். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம் அறைக்குத் திரும்பும் மேற்பார்வையாளராக அவர் இருக்கவில்லை. பகலிலும் இரவிலும், யாரும் எதிர்பாராத நேரத்திலும் நோயாளர் கூடத்துக்கு வருவார். ஒவ்வொரு படுக்கையாக நின்று பார்ப்பார். புதிதாக வந்த நோயாளியை வாசலிலேயே வரவேற்று, கால்களைக் கழுவி, தூய உடை உடுத்தி, தூய படுக்கையில் கிடத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒவ்வொருவரின் நோய்க்கும் ஏற்ற உணவு, நல்ல காற்று, தொற்று நோயாளரைத் தனியே வைத்தல் ஆகியவற்றில் கருத்தாக இருந்தார். கிருமிகளைப் பற்றி எவரும் அறிந்திராத காலம் அது.

இத்தனை கண்காணிப்புக்குப் பிறகும் ஓர் உண்மை அவரை உறுத்தியது. அவர் கூடத்தில் நிற்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் அகன்றதும் பழைய நிலை திரும்பியது. அச்சத்தால் செய்யப்படும் பணி, அச்சம் விலகியதும் நின்றுவிடும். 1582 ஆகஸ்ட் மாதத்தில், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவை ஒட்டிய ஓர் இரவில், அவருக்குள் ஒரு தெளிவு பிறந்தது. கூலிக்காக அன்றி, கடவுள்மீது கொண்ட அன்புக்காக, தாய் தன் பிள்ளையைக் கவனிப்பதுபோல நோயாளரைக் கவனிக்கும் ஒரு குழு வேண்டும். கண்காணிப்பவர் இல்லாதபோதும் கண்காணிக்கப்படுவதுபோலப் பணி செய்யும் மனிதர்கள் வேண்டும்.

பணியாளர்களில் ஐவர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு சிறிய அறையைச் செபக்கூடமாக்கி அங்கே ஒன்றுகூடினார்கள். ஆனால் மருத்துவமனை நிர்வாகத்தினர் ஐயம் கொண்டார்கள். இவர்கள் மருத்துவமனையையே தம் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்று கருதி, செபக்கூடத்தைக் கலைத்துவிட்டார்கள். குறைகளைக் கண்டுபிடிப்பவரை நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இன்று தொடங்கியதன்று. கமில்லஸ் அங்கிருந்த பாடுபட்ட சிலுவையைத் தம் அறைக்கு எடுத்துச் சென்று, அதன்முன் செபித்து ஆறுதல் பெற்றார்.

32 வயதில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்று, 1584ஆம் ஆண்டு அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டு புனித யாக்கோபு மருத்துவமனையை விட்டு வெளியேறித் தம் தோழர்களோடு தனியே வாழத் தொடங்கினார். அவரது ஆன்ம குருவாக இருந்த புனித பிலிப்பு நேரிகூட இந்த முடிவை ஏற்கவில்லை. கமில்லஸும் தோழர்களும் நாள்தோறும் தூய ஆவி மருத்துவமனைக்குச் சென்று பணியாற்றினார்கள். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவர்களது குழுவுக்கு ஒப்புதல் அளித்து, உடையில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். செஞ்சிலுவைச் சங்கம் தோன்றுவதற்கு 270 ஆண்டுகளுக்கும் முன்பு இது நடந்தது. 1591இல் திருத்தந்தை 14ஆம் கிரகோரி அக்குழுவைத் துறவற சபையாக உயர்த்தினார். உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளருக்குப் பணி செய்வோம் என்பது இச்சபையினரின் நான்காவது வார்த்தைப்பாடு.

தம் சபையினருக்காக கமில்லஸ் எழுதிய ஒழுங்குகள் நம்மை வியக்கவைக்கின்றன. உயர்ந்த ஆன்மீகச் சிந்தனைகளோடு, படுக்கையை எப்படிச் சீர்செய்வது, உணவை எப்படி ஊட்டுவது, நோயாளியிடம் கடுமையின்றி எப்படிப் பேசுவது என்பவையும் அவற்றில் உண்டு. நோயுற்ற ஒரே மகனைத் தாய் கவனிக்கும் பாசத்தையே அவர் அளவுகோலாக வைத்தார். அன்பு என்பது கைகளின் வேலையில் தெரிய வேண்டும் என்பதே அவரது உறுதி.

பாதுகாப்பிலும் அவரது கண் கூர்மையானது. இறந்துவிட்டார்கள் என்று கருதி, இன்னும் உயிரோடிருந்தவர்களையே அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற கொடுமை அந்நாளைய மருத்துவமனைகளில் நடந்தது. இதை அறிந்த கமில்லஸ், ஒருவர் இறந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் கால்மணி நேரம் அருகிலிருந்து செபத்தைத் தொடருமாறும், உடனே முகத்தை மூடிவிடாதிருக்குமாறும் தம் சபையினரைப் பணித்தார். செபமாகவும் பாதுகாப்பு ஏற்பாடாகவும் அந்தக் கால்மணி நேரம் அமைந்தது.

1598ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில் டைபர் நதி பெருக்கெடுத்தது. ரோம் நகரில் பதிவான வெள்ளங்களிலேயே மிக உயர்ந்த வெள்ளம் அது. தூய ஆவி மருத்துவமனை நதிக்கரையிலேயே அமைந்திருந்தது. எழுந்து நடக்க முடியாதவர்கள் கீழ்த்தளத்தில் கிடந்தார்கள். கமில்லஸும் தோழர்களும் அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். தம் காலின் புண்ணைப் பொருட்படுத்தாமல் அவரும் சுமந்தார். தானாக எழுந்து ஓட இயலாதவரை ஆபத்து நேரத்தில் யார் தூக்குவது? படுக்கையில் கிடப்போர் உள்ள ஒவ்வோர் இல்லமும் விடை வைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

1607ஆம் ஆண்டு கமில்லஸ் சபைத் தலைமையிலிருந்து விலகினார். பல நோய்கள் அவரை வாட்டின. நிற்க முடியாத நாள்களிலும் படுக்கையிலிருந்து இறங்கி, தவழ்ந்தபடியே மற்ற நோயாளரிடம் சென்று, ஏதேனும் வேண்டுமா என்று கேட்டதாக அவரது வரலாறு சொல்கிறது. 1614 ஜூலை 14 அன்று ரோமில் இறைவனடி சேர்ந்தார். 1746இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1886இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவரை நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் செவிலியருக்கும் பாதுகாவலராக அறிவித்தனர். அவர் மேற்பார்வையாளராக இருந்த புனித யாக்கோபு மருத்துவமனை 2008ஆம் ஆண்டு மூடப்பட்டது. அவரது சபையினர் இன்றும் உலகின் பல நாடுகளில் நோயாளரிடையே பணியாற்றுகிறார்கள்.

கமில்லஸின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? இல்லங்களை ஆய்வு செய்யச் செல்லும் அதிகாரிக்கும், நிர்வாகக் குழுவில் இருப்பவருக்கும், உறவினரைப் பார்க்கப் போகும் நமக்கும் அது பொருந்தும். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றால், நமக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட இல்லத்தைத்தான் காண்போம். உணவு வேளையில் செல்வோம். தட்டு வைக்கப்பட்டதா என்பதோடு நின்றுவிடாமல், கை நடுங்கும் முதியவருக்கு ஊட்டப்பட்டதா என்று பார்ப்போம். தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? அழைப்புமணி அடித்தால் யாராவது வருகிறார்களா? அசைய முடியாதவரை வேளைதோறும் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? இல்லையென்றால் முதுகில் படுக்கைப் புண் அதைச் சொல்லிவிடும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? தீப்பிடித்தால் வெளியேறும் வழி பூட்டியிருக்கிறதா? யாருமே பார்க்க வராத முதியவர் யார், அவரது படுக்கை எப்படியிருக்கிறது? இல்லத்தின் உண்மை நிலையை வரவேற்பறையைவிட அந்தப் படுக்கை தெளிவாகச் சொல்லும்.

பணியாளர்களையும் நாம் பார்க்க வேண்டும். குறைந்த ஊதியம், ஓய்வில்லாத இரவுகள், மதிப்பில்லாத வேலை, இவையே கவனக்குறைவை வளர்க்கின்றன. குற்றம் கண்டுபிடிப்பதோடு கமில்லஸ் நின்றிருந்தால், வெறும் கடுமையான அதிகாரியாகவே மறைந்திருப்பார். நோயாளரைத் தொடும் பணியையே உயர்ந்த பணியாக மாற்றியதால் அவர் புனிதரானார். நல்ல பணியாளருக்கு உரிய ஊதியமும் ஓய்வும் மரியாதையும் கேட்பதும் நமது பொறுப்பு.

நாமும் ஒருநாள் பிறர் கையை எதிர்பார்த்துப் படுத்திருக்கலாம். அன்று நமக்கு எத்தகைய கவனிப்பு வேண்டும் என்று விரும்புவோமோ, அதை இன்று அங்கே கிடப்பவர்களுக்குக் கேட்டுப் பெற்றுத் தருவோம். இந்த வாரமே நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்துக்கு, சொல்லாமல், உணவு வேளையில் சென்று வருவோம். குறை இருந்தால் உரியவரிடம் எடுத்துச் சொல்வோம். யாரும் வராத அந்த ஒருவரின் அருகே சிறிது நேரம் அமர்ந்திருப்போம். புனித கமில்லஸ் நமக்காக மன்றாடுவாராக.